வாடகைப் பாட்டு

உங்கள் செல்போனில் எத்தனை பாட்டு இருக்கிறது?

கல்லூரியில் படிக்கும் ஒரு பையனிடம் இதைக் கேட்டேன். “பத்து கோடி அங்கிள்” என்றான், பாட்டன் சொத்தைச் சொல்வது போல. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மாதாமாதம் அவனிடம் காசு வாங்குகிறவர்கள் அப்படித்தான் விளம்பரம் செய்கிறார்கள். ஆப்பிள் மியூசிக் 2022 அக்டோபரிலேயே பத்து கோடியைத் தொட்டுவிட்டதாக அறிவித்தது. “சரி, டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு அதுல ஒண்ணு போடு” என்றேன். பையன் ஒரு பார்வை பார்த்தான். குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் குளிக்கச் சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்களே, அது.

அவன் போனில் இருப்பது பூஜ்யம் பாட்டு. பத்து கோடிப் பாட்டு அடுக்கி வைத்திருக்கும் கட்டடத்தின் வாசலில் நிற்கிறான், அவ்வளவுதான். காசு கட்டும்வரை வாட்ச்மேன் உள்ளே விடுவார்.

நான் பி.காம். படித்தவன். அதில் படித்தது பாதி மறந்துபோச்சு. ஆனால் முதல் வருஷம் முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது மட்டும் மறக்கவில்லை. கணக்கு மூன்று வகை: ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு. ஒரு மேஜை வாங்கினால் அது சொத்துக் கணக்கு. அதே மேஜையை வாடகைக்கு எடுத்தால் பெயரளவுக் கணக்கு. செலவு என்று எழுதி வருஷக் கடைசியில் மூடிவிட வேண்டியதுதான். மார்ச் 31 தாண்டினால் அது இருந்த சுவடே இருக்காது.

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது மாதக் கட்டணம் 119 ரூபாய். அந்த விலை ஏறவே ஏறாது என்று வைத்துக்கொள்வோம் (சிரிக்காதீர்கள்). வருஷத்துக்கு 1,428. இருபது வருஷத்துக்கு 28,560. இருபத்தோராவது வருஷம் கட்டாமல் விட்டால் கையில் என்ன மிச்சம்? தேய்மானம் கழிக்கக்கூட ஒரு பொருள் இல்லை. வேண்டுமானால் நடுநடுவே சோப்பு விளம்பரம் கேட்டுக்கொண்டு ஓசியில் தொடரலாம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் விஷயம் இப்படி இல்லை. 2001 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துக் காட்டினார். ஐபாட். 5 ஜி.பி., ஆயிரம் பாட்டு. அதற்கு முன்னாலேயே கிரியேட்டிவ் கம்பெனி 6 ஜி.பி.யில் ஒன்று போட்டிருந்தது. ஆனால் அதை பாக்கெட்டில் வைக்க வேண்டுமானால் தையல்காரரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஐபாட் வளர்ந்தது. 2007 செப்டம்பரில் ஐபாட் கிளாசிக் என்று பெயர் வைத்து 160 ஜி.பி.யில் வந்தது. நாற்பதாயிரம் பாட்டு கொள்ளும் என்றார்கள். உள்ளே இருந்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, சுழலுகிற ஒரு நிஜ ஹார்ட் டிஸ்க். காதில் வைத்தால் அது சுற்றுவது கேட்கும்.

நாற்பதாயிரம் பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று அன்றைக்கே கிண்டல் செய்தார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாட்டுக்கு நாலு நிமிஷம் என்றால் 1,60,000 நிமிஷம். சோறு தண்ணி இல்லாமல், தூங்காமல் கேட்டால் 111 நாள். மனுஷன் மாதிரி தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் மூன்று வருஷம் எட்டு மாதம். கேட்கவே போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இதே நியாயத்தை உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைகளுக்குச் சொல்லிப் பாருங்களேன், தைரியம் இருந்தால். நாற்பதாயிரத்துக்கு மேலே பத்து கோடியை வைத்து என்ன செய்வாய் என்று மட்டும் ஏனோ யாரும் கேட்பதில்லை.

2014 செப்டம்பர் 9. புது ஐபோனையும் கைக்கடிகாரத்தையும் மேடையில் காட்டிய அதே நாளில், ஆப்பிள் இந்த 160 ஜி.பி. டப்பாவைச் சத்தமில்லாமல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. பிற்பாடு கேட்டபோது, அதற்கான பாகங்கள் கிடைப்பதில்லை என்று டிம் குக் காரணம் சொன்னார். இருக்கலாம். 2022 மே மாதம் கடைசி ஐபாடையும் நிறுத்தினார்கள். நடுவில் 2015-ல் மாதச் சந்தா மியூசிக் வந்துவிட்டது என்பதை மட்டும் நான் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். விற்றால் ஒரு தடவைதான் காசு, வாடகைக்கு விட்டால் மாதாமாதம். இதைப் புரிந்துகொள்ள பி.காம். கூட வேண்டாம், திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களுக்குச் சில விஷயங்கள் விளக்கத் தேவையில்லை. ஓனர் நல்லவராகவே இருப்பார். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மோட்டார் போடும் நேரம் அவர் நேரம். ஒருநாள் அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகும், நமக்கு இரண்டு மாதம் அவகாசம். இந்த மூன்றும் பாட்டு விஷயத்தில் ஏற்கனவே நடந்தாயிற்று.

2019-ல் ஸ்பாட்டிஃபைக்கும் சரிகம கம்பெனிக்கும் தகராறு. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அந்த ஏப்ரலில், சரிகமவின் பாட்டுகளை எடுத்துவிடுகிறோம் என்று ஸ்பாட்டிஃபை ஒத்துக்கொண்டது. சரிகம என்றால் யார்? பழைய ஹெச்.எம்.வி., நாய்க்குட்டி கிராமபோன் பார்க்குமே, அவர்கள்தான். எம்.எஸ்.விஸ்வநாதன், கே.வி.மகாதேவன் காலத்துப் பாட்டுகளில் ஏகப்பட்டது அவர்கள் கையில். சமரசமாகி மறுபடி ஒப்பந்தம் போட்டது 2020 ஜூனில். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல், ஒழுங்காகச் சந்தா கட்டிய ஒரு மனுஷர் ராத்திரி பத்து மணிக்குக் கண்ணதாசன் பாட்டு ஒன்றைத் தேடினால்? ஓனர்கள் சண்டை, குழாயில் தண்ணீர் இல்லை.

விங்க் இன்னும் மோசம். ஏர்டெல் போன் வைத்திருந்தவர்கள் வருஷக் கணக்காகப் பாட்டுச் சேர்த்து வைத்திருந்தார்கள். பேருந்துக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, பெண்டாட்டி ஊருக்குப் போனால் கேட்க ஒன்று என்று பட்டியல்கள். 2024-ல் கடையை மூடிவிட்டார்கள். ஆப்பிள் மியூசிக்குக்குப் போய்க்கொள்ளுங்கள் என்று வழி காட்டினார்கள். “நான்தான் டவுன்லோடு பண்ணி வெச்சிருக்கேனே” என்று சொல்பவர்களுக்கு: அது டவுன்லோடு இல்லை. உங்கள் போனில் இடம் பிடித்துக்கொண்டு, சாவியை அவர்கள் இடுப்பில் செருகியிருக்கும் பெட்டி. ஸ்பாட்டிஃபையில் முப்பது நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்தில் தலைகாட்டி நான் இன்னும் உங்கள் ஆள்தான் என்று நிரூபிக்காவிட்டால் பெட்டி திறக்காது. ஆப் செத்தால் பெட்டியும் சேர்ந்து உடன்கட்டை ஏறும்.

இதோடு ஃபிளிப்கார்ட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். 2012 பிப்ரவரியில் ஃபிளைட் என்ற பெயரில் பாட்டு விற்கும் கடை திறந்தார்கள். சில்லறைக் காசுக்கு ஒரு பாட்டு, பூட்டு போடாத எம்.பி.3. வியாபாரம் கட்டுப்படியாகவில்லை. ஓசியில் கிடைக்கும்போது எவன் காசு கொடுப்பான்? 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு வாங்கி இறக்கிப் பத்திரமாக வைத்தவனிடம் அந்தப் பாட்டு இன்றைக்கும் இருக்கிறது. கடை போனாலும் அரிசி நம் வீட்டு டிரம்மில் இருக்கிறது என்பது இதுதான்.

புத்தகக்காரர்கள் கதை இதைவிட வேடிக்கை. 2009 ஜூலையில் அமேசான், காசு வாங்கிக்கொண்டு விற்ற புத்தகங்களையே வாடிக்கையாளர்களின் கிண்டிலுக்குள் புகுந்து அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லையாம், அதனால் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அழிக்கப்பட்ட புத்தகங்களில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’. இதற்கு மேல் நான் நகைச்சுவை சேர்க்க முடியாது.

இப்போது பிரம்மதேசம் போகலாம். திண்டிவனம் - மரக்காணம் பக்கம் அதே பெயரில் இன்னொரு ஊர் உண்டு. நான் சொல்வது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி எண்ணாயிரம் பக்கத்தில் இருப்பது. பிரம்மபுரீஸ்வரர் கோயில் சுவர் முழுக்கச் சோழர் காலக் கல்வெட்டு. நான் போனது கோயில் பார்க்க இல்லை, அந்தப் பக்கத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பார்க்க. அவரிடம் ஓர் ஐபாட் கிளாசிக் ஓடிக்கொண்டிருப்பதாக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. 160 ஜி.பி., கறுப்பு நிறம், முதுகுப்பக்கம் கண்ணாடி போல இருந்தது கீறிக் கீறி மங்கிப்போய். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் 2010-ல் கொண்டுவந்து கொடுத்தது. வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார். சிதம்பரம் ஜெயராமன், பி.யு.சின்னப்பா, காருக்குறிச்சி நாதஸ்வரம் என்று எதிர்பார்த்தது எல்லாம் இருந்தது. அதெல்லாம் ஆப்பிலும் கிடைக்குமே சார் என்றேன், வேண்டுமென்றே.

“கெடைக்கும் தம்பி. இது கெடைக்குமா?” என்று சக்கரத்தைத் தடவித் தடவி ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு காதுக்குழலை எனக்குக் கொடுத்தார்.

கர்ண மோட்சம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்து. எண்பதுகளில் டேப்ரிக்கார்டரை மேடைக்குப் பக்கத்தில் வைத்து அவரே பிடித்தது. முகவீணை காதைக் கிழிக்கிறது. கட்டியங்காரன் பக்கத்து ஊர்க்காரர்களைக் கிண்டல் செய்கிறான், கூட்டம் சிரிக்கிறது, நடுவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது, யாரோ “ஏய், லைட்டு லைட்டு” என்று கத்துகிறார்கள். கர்ணனாக ஆடியவர் இப்போது இல்லை. அந்த ஜமாவும் இல்லை. அடுத்து இன்னொன்று போட்டார். நடவுப் பாட்டு. ஒரு வயதான பெண் குரல், வாத்தியம் ஏதும் கிடையாது. “எங்கம்மா” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்படி அறுபது எழுபது கேசட். புதுச்சேரியில் இருக்கும் அவர் அக்கா மகன் மூன்று கோடை விடுமுறைகளில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து இந்த டப்பாவுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். திரும்பி வரும் வழியில் என் போனில் இருக்கும் ஆப்பில் ‘கர்ண மோட்சம்’ என்று தேடினேன். 1964-ல் வந்த ‘கர்ணன்’ படப் பாட்டுகளை நீட்டியது. பக்கத்து வீட்டுச் சாவி கேட்டால் பஞ்சாங்கத்தை எடுத்துக் கொடுப்பது மாதிரி.

பெரிய கொள்ளளவு உள்ள, நம் கைக்குள் இருக்கிற, நாமே நிரப்பிக்கொள்ளும் ஒரு பெட்டி எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் முதல் பதில் இதுதான். கம்பெனிகளின் பத்து கோடி என்பது யாரோ உரிமை வாங்கி, யாரோ விலை போட்டு, யாரோ ஏற்றியது. அதில் உங்கள் அம்மா இல்லை. உங்கள் ஊர்த் திருவிழா இல்லை. வானொலியிலிருந்து நீங்கள் பிடித்த கச்சேரி, பாதியில் செய்தி வந்து நின்றுபோனதே, அது இல்லை. பத்து கோடியில் இல்லாததற்குத்தான் இடம் வேண்டும்.

அந்தக் கோயில் சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சோழர் காலத்தில் ஒரு விளக்கு எரிக்க ஆடு கொடுத்தாலும், பாடுகிறவருக்கு நிலம் கொடுத்தாலும், சந்திர சூரியர் உள்ளவரை இது செல்லும் என்று கல்லில் வெட்டிவிடுவது வழக்கம். நாம் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று படிக்காமலே அமுக்குகிறோமே, அந்த நிபந்தனைகளில் பொதுவாக என்ன எழுதியிருக்கும்? சேவையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிறுத்தலாம். ஆயிரம் வருஷ முன்னேற்றம்! பக்கத்து எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த பெரிய கல்விச்சாலை இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அன்றைய வேதப் படிப்பு என்றால் மனப்பாடம். 340 தலைகள், 340 ஹார்ட் டிஸ்க். ஒன்று போனாலும் மற்றவற்றில் பிரதி இருக்கும்.

பிரதி ஒரே இடத்தில், ஒருவர் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே கதை இருக்கிறது. தேவாரம் கிடைத்த கதை. சிதம்பரத்தில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன ஏடுகள். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் காவலில் இருந்தவர்கள். ராஜராஜன் அப்பர், சம்பந்தர், சுந்தரர் விக்கிரகங்களை ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தித் திறக்க வைத்தான். உள்ளே கரையான் புற்று. எண்ணெய் ஊற்றி எடுத்துப் பார்த்தால் அரித்தது போக மிச்சம்தான். இந்தக் காலத்துக்கு வேண்டியதை வைத்திருக்கிறோம் என்று அசரீரி கேட்டதாம். அது ஈசன் வாக்கு, நான் வாதாடவில்லை. இப்போது ஆப் திறந்தவுடன் ‘உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை’ என்று வருகிறதே, அந்த அசரீரியோடுதான் எனக்கு வழக்கு. பிறகு அந்தப் பாடல்களின் பண் தெரியாமல் திண்டாடியபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துப் பண் அமைத்தார்கள் என்பது கதையின் மிச்சம். பூட்டிய அறையில் இல்லாதது அந்தப் பெண்ணின் தொண்டையில் இருந்தது.

சரி, ஆணி அடிக்கிற விஷயத்துக்கு வருவோம். இதில்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு.

ஐபாட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், பாட்டு ஏற்றுவது பெரிய வேலையில்லை. பெயர் வைப்பதுதான் வேலை. இணையத்திலிருந்து இறக்கிய பாட்டுக்கு இசையமைப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு வெப்சைட் பெயர் இருக்கும். எஸ்.பி.பாலசுப்ரமணியம் ஒருவரே ஏழெட்டு எழுத்துக்கூட்டலில் ஏழெட்டுப் பாடகராக அவதாரம் எடுத்திருப்பார். 1980 ‘பில்லா’வும் 2007 ‘பில்லா’வும் ஒரே ஆல்பமாகக் கலந்து, எம்.எஸ்.வி.க்கு அடுத்து யுவன் சங்கர் ராஜா பாடிக்கொண்டிருப்பார். வெள்ளைக்காரன் செய்த பெட்டிக்குப் ‘பாடகர்’ என்ற ஒரே ஒரு கட்டம்தான் முக்கியம். நமக்கோ பாடியவர், இசை, எழுதியவர், படம், அப்புறம் யார் வாயசைத்தது என்பது வரை வேண்டும். எம்.ஜி.ஆர். பாட்டு என்று சொல்கிற ஊர் இது!

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினவர்கள் உண்டு. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை சேர்ந்து இசையமைத்தார்கள். அந்த வருஷங்களின் பாட்டுகளுக்கு இரண்டு பேர் பெயரும் போட வேண்டும் என்று மெனக்கெட்டவர்கள். வி.குமார் பாட்டை எம்.எஸ்.வி. கணக்கில் எழுதியிருந்தால் மாற்றியவர்கள். அவர்களைக் கிறுக்கர்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் தமிழ் சினிமாப் பாட்டுக்கு ஒழுங்கான பதிவேடு என்று ஏதாவது இருந்தால், அது இந்தக் கிறுக்கர்களின் பெட்டிகளுக்குள் இருக்கிறது. ஆப்பில் ஒரு பாட்டுக்குத் தப்பான பெயர் இருக்கிறது என்று நான் ஒருமுறை எழுதிப் போட்டேன். எந்த ஆப் என்பது வேண்டாம். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று உடனே பதில் வந்தது. தப்பு அப்படியே இருக்கிறது. வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது.

“அந்த ஐபாட்ல இருந்த பாட்டெல்லாம் காசு கொடுத்து வாங்கினதா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பெரும்பாலும் இல்லை. பர்மா பஜாரில் ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு வாங்கியவர்கள் நாம். அதற்கு முந்தைய தலைமுறை, ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டரில் 90 நிமிஷ டி.டி.கே. கேசட்டும், கோடு போட்ட தாளில் எழுதிய லிஸ்ட்டும் கொடுத்துவிட்டு, புதன்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பதிலுக்காகக் காத்திருந்தது. அந்தக் கேசட்டில் எந்த இசையமைப்பாளருக்கும் பத்து பைசா போகவில்லை. 2004-ல் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்திலேயே தமிழக அரசு சேர்த்தது என்றால், நிலைமை எந்த அளவுக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஓசியில் இறக்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. நேர் எதிராகச் சொல்கிறேன். விலைக்குக் கொடுங்கள் என்கிறேன். பத்து ரூபாயோ இருபது ரூபாயோ வாங்கிக்கொண்டு, எழுதினவர், இசையமைத்தவர் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு (2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் அவர்கள் ராயல்டி உரிமையை அப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறது), பாட்டைப் பூட்டு இல்லாமல் என் கையில் கொடுங்கள். அதே சட்டம் சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. நான் அதை என் பெட்டியில் போட்டுக்கொள்கிறேன். என் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். கிராமபோன் தட்டு பேரனுக்குப் போனது. சந்தா யாருக்குப் போகும்? வாரிசுச் சான்றிதழோடு கம்பெனி வாசலில் போய் நிற்க முடியுமா?

சொந்தமாக வைத்துக்கொள்ள ஜனங்களுக்கு ஆசை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2017-ல் சரிகம, கார்வான் என்று ஒன்றை விட்டது. பார்க்க பழைய டிரான்சிஸ்டர், உள்ளே ஐயாயிரம் பாட்டு, தமிழிலும் வந்தது. இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம். அறுபதாம் கல்யாணத்துக்கு அதைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு போகாத வீடு குறைவு. என் குறை ஒன்றுதான்: அந்த ஐயாயிரத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்கள். நம் பாட்டுக்குப் பின்பக்கம் ஒரு யு.எஸ்.பி. ஓட்டை. விருந்தாளியைக் கொல்லைப்புறம் வழியாக வரச் சொல்வது போல.

ஐபாடுக்குக் கோயில் கட்டவும் நான் தயாரில்லை. பேட்டரியைக் கழற்ற முடியாமல் சீல் வைத்து, அது தீர்ந்தால் புதிது வாங்கு என்று விட்டார்கள். 2003-லேயே நியூயார்க்கில் இரண்டு சகோதரர்கள் இதை வீடியோ எடுத்து நாறடித்தார்கள். ஆப்பிள் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கே 2009 வரை பூட்டு இருந்தது. பெட்டிக்குள் போட்ட பாட்டை வேறு கம்ப்யூட்டருக்கு நேர்வழியில் எடுக்க முடியாது. சுற்றுகிற டிஸ்க் ஒருநாள் நிற்கும். பிரம்மதேசத்து ஆசிரியரின் டப்பாவே இப்போது அவ்வப்போது கறகறவென்கிறது. மகனிடம் சொல்லி எல்லாவற்றையும் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றைப் புதுச்சேரியில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். செய்துவிட்டதாகப் போன் பண்ணினார். பழைய ஐபாடைத் திறந்து டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு பொருத்தி ஓட்டுகிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. கை துறுதுறுவென்று இருப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நகத்தளவு மெமரி கார்டில் இன்றைக்கு அந்த 160 ஜி.பி.யைப் போல மூன்று மடங்கு கொள்கிறது. செல்போனில் அதைச் செருக ஓர் ஓட்டை இருந்தால் போதும், உங்கள் போனே ஐபாட் கிளாசிக். அந்த ஓட்டையைத்தான் ஒவ்வொன்றாக அடைக்கிறார்கள். ஐபோனில் என்றைக்கும் கிடையாது, 2016-ல் காதுக்குழல் செருகும் துளையையும் எடுத்தார்கள். சாம்சங்கின் விலை உயர்ந்த எஸ் வரிசையில் 2021-ல் மெமரி கார்டு இடம் போனது. மெலிசாக இருக்க வேண்டுமாம், தண்ணீர் புகக் கூடாதாம். எல்லாம் நம் நன்மைக்கே.

புதுச் சினிமாப் பாட்டைத் தெரிந்துகொள்ள வாடகை ஆப் நல்லதுதான். நானும் வைத்திருக்கிறேன். லாட்ஜில் தங்குவதில் தப்பில்லை, வீட்டை விற்றுவிட்டு லாட்ஜில் தங்குவதுதான் சரியில்லை.

போன வாரம் எங்கள் தெருமுனைக் கடையில் போன் வாங்கப் போனேன். கேமரா எத்தனை, சார்ஜ் எத்தனை நிமிஷம் என்று அவர் ஒப்பித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “மெமரி கார்டு போட எடம் இருக்கா?” என்று கேட்டேன். “அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்கறாங்க?” என்றார். நான் கேக்கறேனே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே போய், கீழ் அடுக்கிலிருந்து இரண்டு மாடல் எடுத்து வந்தார். இரண்டுமே விலை குறைவு.